மணல்வீச்சுக் கருவியும் பழைய மோட்டார் வண்டியும்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்தல் சில நாடுகளிலே செல்வர்தம் பொழுதுபோக்கு. நமது நாட்டிலோ அது குடும்பப் பொருளாதாரத்தோடு பிணைந்த ஒரு தொழில். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் வாசல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும், வரிச்சுமை புதிய வண்டியைச் சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத கனியாகவே வைத்திருக்கிறது. ஆகவே தந்தையார் ஓட்டிய காரை மைந்தர் பேணுகிறார். பாட்டனார் வாங்கிய மொரிஸ் மைனர் இன்றும் கண்டி வீதிகளிலே ஏறி இறங்குகின்றது.

மொரிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட வண்டி. அதன் ஆயுளை நீட்டிப்பதில் இலங்கைத் தொழிலாளருக்கும் பங்குண்டு. 1990களின் தொடக்கத்திலே, பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து அவ்வண்டியின் உடற்பாகங்களை இங்கேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். நமது கைகளுக்கு இவ்வேலை புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

எனினும் பழைய வண்டியின் பகை ஒன்றே. அது கறள், அஃதாவது துரு. மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளிலே தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்கு அடியிலுள்ள படிப்பகுதியும், முன்புறத்து அடிக்கைகளும், பின் வில்தட்டுகள் பொருந்துமிடமும் துருவால் உண்ணப்பட்டால், மேலே எத்தனை அழகான வண்ணம் பூசினும் அவ்வண்டி பாதுகாப்பானதன்று. துருவை முற்றாக அகற்றி, உள்ளே எஞ்சியிருக்கும் இரும்பின் உண்மை நிலையைக் கண்ணாற் கண்ட பின்னரே பழுதுபார்க்கத் தொடங்கவேண்டும். அதற்கு உதவுவதே மணல்வீச்சுக் கருவி. வேலைத்தலங்களில் இதனைச் 'சாண்ட் பிளாஸ்டர்' என்பர்.

இன்று இக்கருவியின் சிறு வடிவங்கள் இரும்புச் சாமான் கடைகளிலே மலிவாகக் கிடைக்கின்றன. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வழியில், குண்டசாலையைக் கடந்து வரும் திகன போன்ற ஊர்களிலே, வீட்டு முற்றத்திலோ ஓலைக் கொட்டகையிலோ கார் திருத்துவோர் இதனை வாங்க விரும்புவது இயல்பு. வாங்கலாமா? வாங்கினால் எவ்வாறு பயன்படுத்துவது? எதனைச் செய்யவே கூடாது? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கருவியின் தத்துவம் மிக எளியது. அழுத்தப்பட்ட காற்று ஓர் ஒடுங்கிய குழலினூடே விரைந்து செல்கின்றது. செல்லும்போது சிறு துகள்களைத் தன்னோடு வாரிக்கொண்டு போய் இரும்பின்மீது மோதுகின்றது. ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணிய உளியாகித் துருவையும் பழைய வண்ணத்தையும் கொத்தி எடுக்கின்றது. 1870 ஆம் ஆண்டிலே பெஞ்சமின் சூ தில்மன் என்ற அமெரிக்கர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு நுணுக்கங்கள் வளர்ந்தனவேயன்றி அடிப்படை மாறவில்லை.

மலிவான கருவிகளில் இரு வகை உண்டு. முதலாவது உறிஞ்சு முறை. காற்றின் வேகமே ஒரு வாளியிலோ கிண்ணத்திலோ உள்ள துகளை உறிஞ்சி எடுக்கும். விலை மிகக் குறைவு, வேலையும் மெதுவானது. இரண்டாவது அழுத்தக்கல முறை. துகள் இட்ட கலமே காற்றழுத்தத்துக்கு உட்பட்டிருக்கும். துகள் கூடுதலான வேகத்தோடு வெளிவரும். இதன் வேலை பன்மடங்கு விரைவு. விலையும் அபாயமும் அதற்கேற்ப அதிகம். அழுத்தம் உள்ளிருக்கும்போது அக்கலத்தின் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. அழுத்தமானியும், மிகையழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் இல்லாத கலத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கலாகாது.

வாங்குவோர் பலரும் கருவியின் விலையைப் பார்க்கிறார்களேயன்றி, அது எவ்வளவு காற்றை உண்ணும் என்று பார்ப்பதில்லை. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகின்றது. நாசில் எனப்படும் நுனிக்குழலின் துளை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு என்று கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அழுத்தத்திலே அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 கன அடி காற்றைக் கேட்கும். கம்ப்ரசர் எனப்படும் காற்றமுக்கியோ ஒரு குதிரைவலுவுக்கு 3 முதல் 4 கன அடி வரையே தரவல்லது. எனவே அந்தச் சிறு துளைக்கே 5 குதிரைவலு வேண்டும். சக்கரத்துக்குக் காற்றடிக்க வாங்கிய 2 குதிரைவலு யந்திரத்தைக் கொண்டு வேலை செய்தால், ஒரு நிமிடம் வீசி இரண்டு நிமிடம் காத்திருக்க நேரும். அவ்விதம் பொறுமையோடு செய்யச் சித்தமாயின் செய்யலாம். யந்திரம் சூடேறி எரிந்துபோகாதபடி அதற்கும் ஓய்வு கொடுக்கவேண்டும்.

இன்னொரு கணக்கையும் மனத்திற் கொள்ளுங்கள். துகள் பாய்வதனால் நுனிக்குழலும் தேய்கின்றது. துளையின் விட்டம் ஒன்றரை மடங்கானால் அதன் பரப்பு இரண்டேகால் மடங்காகும். 17 கன அடி கேட்ட துளை இப்போது 38 கன அடி கேட்கும். "புதிதில் நன்றாக வேலை செய்தது, இப்போது வலுவில்லை" என்று பலர் காற்றமுக்கியைக் குறை கூறுவர். குற்றம் பெரும்பாலும் தேய்ந்த நுனிக்குழலினுடையது. வேலை தொடங்குமுன் இரண்டு மூன்று நுனிக்குழல்களைக் கையிருப்பில் வைத்திருப்பது நலம்.

காற்றுக்கு அடுத்தபடியாக வருவது நீர். நமது தேசத்துக் காற்று ஈரம் மிக்கது. 28 பாகை வெப்பத்திலே, சாதாரண நாளொன்றில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். எட்டுக் கன மீற்றர் காற்றை நெருக்கி ஒரு கன மீற்றராக்கும்போது, எட்டிலுமிருந்த 160 கிராம் நீராவியும் அதற்குள் அடைபடுகின்றது. காற்று ஆறியதும் அவ்விடத்தில் 27 கிராமுக்கு மேல் ஆவியாக நிற்க இயலாது. மீதி முழுவதும் நீராக இறங்கிவிடும். சிறிய காற்றமுக்கி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு தேநீர்க் குவளை அளவு நீர் சேரும். அந்நீர் குழாய்க்குள் வந்தால் துகள் சேறாகித் துளை அடைபடும். துடைத்த இரும்பும் உடனே மீண்டும் துருப்பிடிக்கும். ஆகவே காற்றமுக்கிக்கும் கருவிக்கும் இடையே நீண்ட குழாயொன்றை இட்டுக் காற்றை ஆறவிட்டு, அதன் முடிவில் நீர்வடிகலம் ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். கலத்தின் அடியிலுள்ள திருகையும் அடிக்கடி திறந்து நீரை வெளியேற்றவேண்டும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் வெளித்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் இவ்வேலைக்கு உகந்தவை.

நேயர்களே, இனி நான் சொல்லவிருப்பது இப்பேச்சின் உயிர்நாடி. இக்கருவியின் பெயரிலே மணல் இருக்கின்றது. ஆனால் அதற்குள் மணல் இடக்கூடாது.

திகனவைச் சுற்றி ஓடும் மகாவலியின் மணலை நாம் யாவரும் அறிவோம். வீடு கட்டிய மிச்சம் எங்கேனும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அரித்து, உலர்த்தி, இலவசமாகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆற்று மணலின் பெரும்பகுதி படிகக்கல்; வேதியியல் முறையிற் கூறினால் படிக சிலிக்கா. கையால் அள்ளும்போது அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் இரும்பின்மீது வேகத்தோடு மோதும்போது ஒவ்வொரு மணியும் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாகின்றது. தலைமயிரின் தடிப்பிலே பத்திலொரு பங்கினும் சிறிய அத்தூள் மணிக்கணக்கிலே காற்றில் மிதக்கும். மூக்கு அதனைத் தடுக்காது. அது சுவாசப்பையின் கடைசி அறைவரை செல்லும்.

அங்கே நிகழ்வது என்ன? உடலின் காவற் கலங்கள் அத்தூளை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாது மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு உண்டாகின்றது. விடுபட்ட தூளை வேறொரு கலம் விழுங்கும், அதுவும் மடியும். இவ்விதம் மென்மையான சுவாசப்பை மெல்ல மெல்லத் தோல்போல் இறுகுகின்றது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. தூளைச் சுவாசிப்பதை நிறுத்திய பின்னரும் நோய் வளரக்கூடும். இது காசநோய்க்கும் வழி திறக்கும். படிக சிலிக்காத் தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1997 இல் வகைப்படுத்தியது. கல்லுடைப்பவருக்குப் பத்தாண்டு, இருபதாண்டு கழித்து வரும் நோய், மணல் வீசுபவருக்குச் சில ஆண்டுகளிலேயே, சிலவேளை சில மாதங்களிலேயே வந்துவிடுவதுண்டு.

இது வெறும் அச்சுறுத்தலன்று. பிரித்தானியா 1949 ஆம் ஆண்டு விதிகளாலேயே வார்ப்புகளையும் பிற பொருள்களையும் சுத்திகரிக்கும் வீச்சுவேலையில் மணலைத் தடைசெய்துவிட்டது. அமெரிக்கத் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் 1974 இல் அத்தகைய தடையைப் பரிந்துரைத்தது. துருக்கி நாட்டிலே ஜீன்ஸ் துணிக்குப் பழமைத் தோற்றம் கொடுப்பதற்காக மணல் வீசிய இளைஞர் பலர் இந்நோயால் மாண்டனர். 2009 இல் அந்நாடு அத்தொழிலில் மணல்வீச்சைத் தடைசெய்தது. அவர்கள் சுரங்கத் தொழிலாளர் அல்லர். தையற்றொழிலின் ஒரு கிளையிலே வேலை தேடி வந்த பையன்கள்.

தன் காரை மாத்திரம் வாழ்நாளில் ஒரு முறை துடைப்பவருக்கு அபாயம் குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். குறைவுதான், ஆயினும் இல்லை என்பதல்ல. மேலும், நடைமுறையிலே அவ்வேலையை உரிமையாளர் தம் கையாற் செய்வது அரிது. நாட்கூலிக்கு ஒரு பையனை அழைத்து, கைக்குட்டையை மூக்கிற் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கருவியை அவன் கையிற் கொடுக்கிறோம். இந்த வாரம் நமது வண்டி. அடுத்த வாரம் வேறொருவருடையது. நமக்கு ஒரு நாளாக இருப்பது அவனுக்கு ஆண்டு முழுவதும் ஆகின்றது. கைக்குட்டை அந்த நுண்தூளைத் தடுக்காது. மலிவான கருவியின் உண்மையான விலையைக் கொடுப்பவன் அவனே.

அப்படியாயின் எதனை இடுவது? முதலிற் சொல்லத்தக்கது கார்னெட் என்னும் செம்மணற் கல். தமிழ்நாட்டின் தென்கரைக் கடற்கரை மணலிலும் காணப்படும் கனிமம் இது. கடினத்திலே படிகக்கல்லுக்கு இணையானது. ஆனால் தூய சரக்கிலே படிக சிலிக்கா மிகச் சொற்பம். மணலைப்போல் முதல் மோதலிலேயே பொடியாவதில்லை. சேர்த்து அரித்து மூன்று நான்கு முறை பயன்படுத்தலாம். ஆதலின் இலவச மணலோடு ஒப்பிட்டு இதன் விலையைக் கண்டு மலைக்கவேண்டியதில்லை. அடுத்தது அலுமினியம் ஒட்சைட்டு. பெட்டிக்குள் வைத்துச் செய்யும் வேலைக்குச் சிறந்தது. கண்ணாடி மணிகள் மெருகு தருமேயன்றிக் கனத்த துருவை எடா. அப்பச் சோடா மிக மென்மையானது. 1980களில் நியூயோர்க் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, உள்ளே பூசப்பட்டிருந்த கரித்தாரைச் செப்புத் தகட்டுக்குச் சேதமின்றி நீக்க இதனையே வீசினர். இது வண்ணத்தை எடுக்கும், துருவை அசைக்காது.

திகனவிலே வேறொரு கல்லும் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்கு மண்ணின் புளிப்பை மாற்ற இடப்படும் டொலமைட் இங்கே வெட்டி அரைக்கப்படுகின்றது. அதனை வீசலாமா என்று சிலர் எண்ணுவர். அது படிகக்கல்லிலும் மிக மென்மையானது. துருவை எடுக்க வலுவற்றது. உரத்துக்காக அரைத்த தூளோ மாவுபோன்றது. புகைமண்டலத்தை எழுப்புமேயன்றி வேலை செய்யாது. இயற்கைக் கல்லிலே வேறு கனிமங்களும் கலந்திருக்கும். ஆகவே வீச்சுவேலைக்கென்றே தயாரித்து, சிலிக்காவின் அளவு எழுதப்பட்ட பைகளையே வாங்குதல் முறை.

துகள் நல்லதாயினும் தூசி இல்லாமற் போகாது. பழைய வண்ணங்களிலே ஈயம் கலந்திருப்பது வழக்கம். பழைய தகரவேலையின் மூட்டுகளிலும் ஈயப்பற்று உண்டு. பிரேக் பாகங்களிலே கல்நார்த் தூசி படிந்திருக்கலாம். பிரேக் தூசியை ஒருபோதும் காற்றால் ஊதாது, நீர் நனைத்துத் துடைத்து அகற்றவேண்டும். வீசுபவர் முகத்தோடு இறுகப் பொருந்தும் சுவாசக் கவசத்தைப் பி-100 தர வடிகட்டியோடு அணிதல் வேண்டும். தாடி இருப்பின் அது பொருந்தாது. அதற்கு மேல் முகமூடி, தடித்த கையுறை, காதடைப்பான், நீண்ட கைச்சட்டை. காற்றமுக்கியின் காற்றை நேரே தலைக்கவசத்துக்குள் விட்டுச் சுவாசிப்பது கூடாது. அதில் எண்ணெய்ப் புகையும் நச்சு வாயுவும் வரலாம். நிலத்திலே தார்ப்பாய் விரித்து, பக்கங்களை மறைத்து, வேலை முடிந்ததும் கழிவை நனைத்து மூட்டையாகக் கட்டவேண்டும். பெருக்குமாற்றால் உலர்த்தூசியைக் கிளப்பலாகாது. திகனப் பக்கத்துக் கான்களும் ஓடைகளும் விக்டோரியா நீர்த்தேக்கத்தை நாடிச் செல்வன. நம் முற்றத்து ஈயம் அயலாரின் கிணற்றையும் அவ்வணையின் நீரையும் சேரவிடுவது நியாயமன்று. குழந்தைகள் விளையாடும் முற்றத்திலே இவ்வேலை வேண்டவே வேண்டாம். வேலையுடையை வீட்டாரின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

இனி வேலையின் முறை. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயாலும் சவர்க்கார நீராலும் கழுவி உலர்த்துக. எண்ணெய் மீதிருந்தால் துகள் அதனை இரும்புக்குள்ளே செலுத்திவிடும். சில்லுத் தட்டு, அடிக்கை, தாங்கி போன்ற தடித்த பாகங்களுக்கு 80 இறாத்தல் அழுத்தம் பொருந்தும். நுனிக்குழலை நேருக்கு நேர் பிடியாது சாய்த்துப் பிடித்து, ஓரிடத்தில் நில்லாது நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்.

பொனட், கதவு, கூரை ஆகிய அகன்ற மெல்லிய தகடுகளிலே கருவியை எடுத்துச் செல்வதற்கு முன் நூறு முறை சிந்தியுங்கள். துகளின் ஓயாத தாக்குதல் தகட்டின் ஒரு முகத்தை விரியச் செய்யும். தகடு அலையலையாக நெளியும். நெளிந்த தகட்டை நிமிர்த்துவது கைதேர்ந்த தகரவேலைக்காரருக்கும் கடினம். அத்தகைய தகடுகளுக்கு வண்ணம் நீக்கும் திரவமும் கம்பித்தூரிகையும் அரத்தாளும் போதும். கண்ணாடி, குரோம் பூச்சு, உருளைத் தாங்கிகள், யந்திரத்தின் உட்புறம் ஆகியவற்றின் அருகே இக்கருவி செல்லவே கூடாது. பெற்றோல் தாங்கியையும் தொடவேண்டாம். வெறுமையாகத் தோன்றும் தாங்கியினுள்ளும் ஆவி இருக்கும், ஒரு நிலைமின் பொறி போதும்.

சிறு பாகங்களுக்கு வேறோர் எளிய வழியும் உண்டு. கரும்புக் கழிவுப்பாகை நீரிற் கரைத்து, துருப்பிடித்த பாகங்களை இரண்டு வாரம் ஊறவைத்தால் துரு தானே கழன்றுவிடும். காற்றமுக்கியும் வேண்டாம், தூசியும் இல்லை. வேண்டுவது பொறுமை ஒன்றே.

வீசி முடித்த இரும்பு சாம்பல் நிறமாகத் துலங்கும். அந்த அழகைக் கண்டு மறுநாட்காலை பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடாதீர்கள். மேற்றோலை இழந்த இரும்பு நமது ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்பழுப்பாகும். வெறுங்கையால் தொட்டால் விரற்குறியே துருவாக எழும். அன்று மாலைக்குள் முதற்பூச்சு இடக்கூடிய அளவு பரப்பையே அன்று துடைக்கவேண்டும்; காற்றால் ஊதித் துகளை நீக்கி, எபொக்சி முதற்பூச்சை உடனே பூசவேண்டும். துடைத்தபின் ஓட்டை தெரிந்தால் மனம் கலங்க வேண்டியதில்லை. அவ்வோட்டை முன்பும் இருந்தது. வண்ணமும் பட்டிப்பசையும் மறைத்திருந்தன. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி நீக்கிப் புதுத்தகடு ஒட்டுவதே முறை.

ஆகவே என் முடிவைச் சுருங்கக் கூறுவேன். சிறிய பாகங்களைத் தாமே சுத்திசெய்ய விரும்புவோருக்கு, போதிய காற்றமுக்கி இருந்தால், மலிவான கருவி பயன்படும். சிறுபாகங்களை மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்வது எல்லாவற்றிலும் நன்று. வண்டியின் முழு உடலையும் துடைக்கவேண்டுமாயின், தக்க துகளும் காற்றூட்டிய தலைக்கவசமும் உடைய வேலைத்தலத்திடம் ஒப்படைப்பதே சிக்கனம். எங்கே கொடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்க மறவாதீர்கள்: "நீங்கள் வீசுவது என்ன?" ஆற்று மணல் என்று விடை வந்தால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் எப்படியேனும் கிடைக்கும். அதைத் துடைக்கும் பையனின் சுவாசப்பைக்கு மாற்று இல்லை.